நான்கு பேய்களை விரட்டிய பேராயர்

டிசம்பர் முடியப் போகிறது. 31-ஆம் தேதி ராத்திரி நமது பேராக் மாநிலத்தில், மிச்சமிருக்கும் தோட்டங்களிலும், தோட்டம் கைமாறி லயங்கள் இடிபட்ட பிறகு நம் ஜனங்கள் போய்ச் சேர்ந்திருக்கும் தாமான்களிலும் மலிவு வீடுகளிலும் இரண்டு விதமான கண்விழிப்பு நடக்கும். ஒரு கூட்டம் சபைகளிலே உட்கார்ந்து பழைய வருஷத்துக்குக் கணக்கு முடித்துப் புது வருஷத்தை ஜெபத்தோடு வரவேற்கும். இன்னொரு கூட்டம் திடல் ஓரத்திலும் கடை அஞ்சடியிலும் போத்தலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். இரண்டு கூட்டமும் தூங்குவதில்லைதான். ஆனால் விடிஞ்சு பார்க்கும்போது எது விழித்திருந்த கூட்டம் என்பது வீட்டில் காத்திருக்கும் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும்.

வருஷா வருஷம் இந்தச் சமயத்தில் நமக்கு ஒரு மனிதருடைய நினைவு வருவதுண்டு. 1912 டிசம்பர் 29-ஆம் தேதி பேராயராக அபிஷேகம் பெற்று, 1945 ஜனவரி 1-ஆம் தேதி கண்ணை மூடியவர். அவருடைய பெரிய நாள் இரண்டுமே இந்த ஒரு வாரத்துக்குள் வந்துவிடுகின்றன. பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயரான முதல் இந்தியர். அதுவும் நம் தமிழர்.

தொழிலாளர் பகுதியில் பாதிரியார் கதை எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். நம் வாசகர்களில் பெரும்பாலோர் மாரியம்மனையும் முருகனையும் கும்பிடுகிறவர்கள் என்பதும் நாம் அறிந்ததே. மதம் மாறச் சொல்லி இதை எழுதவில்லை. அசரியா தம் வாழ்நாளில் பாதியைச் செலவழித்தது நம்மைப் போன்ற கூலி ஜனங்களோடுதான். அந்த ஜனங்களைப் பிடித்திருந்த பிசாசுகள் நம்மையும் பிடித்தவை. அதனால் அவர் கதை நமக்கும் சொந்தமே.

1874 ஆகஸ்டு 17-ஆம் தேதி திருநெல்வேலிச் சீமையில், திருச்செந்தூருக்கு அந்தப் பக்கம் உள்ள வெள்ளாளன்விளை என்ற சின்ன ஊரில் அவர் பிறந்தார். இன்றைக்கு அது தூத்துக்குடி மாவட்டம். செம்மண் தேரியும் பனங்காடுமான பூமி. அங்கே பனைதான் சோறு போடும் மரம். பால்மரம் வெட்டிய நமக்கு அந்தத் தொழிலின் அருமை புரியும். விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் ஏறி, பாளையைச் சீவி, கலயத்தைக் கட்டி இறங்க வேண்டும். நாம் மங்கு கட்டினோம், அவர்கள் கலயம் கட்டினார்கள். வித்தியாசம் உயரத்தில்தான்.

அந்தப் பனையிலே ஒரு விஷயம் உண்டு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். குழந்தையும் குடிக்கலாம், காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். மரம் ஒன்றே, ஏறுகிறவனும் ஒருவனே. கள்ளுக்கும் கருப்பட்டிக்கும் நடுவே நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பு. இந்த மண்ணிலே, பனை ஏறிப் பிழைத்த நாடார் சமுதாயத்திலே பிறந்த பிள்ளை பிற்காலத்தில் மதுவை எதிர்த்து நின்றது ஆச்சரியம் இல்லை. குடியின் பிறப்பிடத்தை மரத்தடியிலேயே பார்த்து வளர்ந்தவர் அவர்.

தகப்பனார் தாமஸ் வேதநாயகம் இந்துவாகப் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கிறிஸ்தவராகி, பிறகு குருவானவராகவும் ஆனவர். தாயார் எல்லன் அம்மாள். நெடுங்காலம் ஆண்பிள்ளை இல்லாமல் வேண்டிப் பெற்ற மகன் என்பதால் வேதாகமத்து அன்னாளின் பிள்ளை பெயரான சாமுவேலையே வைத்தார்கள். பையனுக்குப் பதினைந்து வயது ஆகும்போது தகப்பனார் இறந்துபோனார். அதற்கு முன்பே படிப்புக்காக மெய்ஞ்ஞானபுரத்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டிருந்தார். 192 அடி உயரக் கோபுரம் உள்ள கோயில் இருக்கும் ஊர் அது. தாயார் அந்த விடுதியிலேயே பிள்ளைகளைக் கவனிக்கும் வேலை பார்த்தார். கண்டிப்பான அம்மா, வேதமும் ஜெபமும் தவறாத வீடு. நமக்குத் தெரிந்த பல குடும்பங்களில் அப்பா போன பிறகு பிள்ளைகளைக் கரை சேர்த்தது இப்படிப்பட்ட அம்மாக்கள்தானே.

பிறகு திருநெல்வேலியில் படிப்பு, அதன் பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. கணிதம் எடுத்துப் படித்தார். ஆனால் பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். 1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது வேறு சங்கதி. சொந்தமாகப் பரீட்சை எழுதி வாங்கிய பட்டம் ஒன்றும் அவரிடம் இல்லை. ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டோமே என்று வெட்கப்படும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1895-ல் ஒய்.எம்.சி.ஏ. என்ற வாலிபர் சங்கத்தில் காரியதரிசியாகச் சேர்ந்தார். அதாவது நம்மைப் போல ஊர் ஊராகச் சுற்றி ஆள் சேர்க்கும் வேலை. ரயிலில் மூன்றாம் வகுப்பு, இறங்கினால் கால்நடை, போன இடத்தில் கூட்டம், கூட்டம் முடிந்தால் சந்தா. 1898-ல் அன்பு மரியம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரி வகுப்புக்குப் போன முதல் சிலரில் அந்த அம்மையாரும் ஒருவர். இந்தக் கதையில் பாதிப் பங்கு அவருக்கு உண்டு. பின்னால் வருகிறோம்.

1902-ல் வாலிபர் சங்க வேலையாக யாழ்ப்பாணம் போனபோது அவருக்கு ஒரு சூடு கிடைத்தது. அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள், எண்ணிக்கையில் கொஞ்சம் பேரே ஆனாலும், தங்கள் சொந்தப் பணத்தில் வெளியூருக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியிலோ கிறிஸ்தவர்கள் திரளாக இருந்தும் வெள்ளைக்காரன் பணத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கோயில் நிறைந்திருக்கிறது, ஆனால் சபை தூங்குகிறது என்று அவருக்குப் பட்டது. திரும்பி வந்தவர் சும்மா இருக்கவில்லை. 1903 பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1905-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் பிறந்தது. சேலத்துத் தமிழரான கே.டி. பால் அதில் அவருக்குத் தோழர். இரண்டுக்கும் கொள்கை ஒன்றுதான். ஆள் நம் ஆள், பணம் நம் பணம், நிர்வாகமும் நம் நிர்வாகம்.

சங்க வேலையில் இருக்கும் நமக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அடுத்தவன் காசில் நடக்கிற சங்கம் அடுத்தவன் சொல்லைத்தான் கேட்கும். மாதச் சந்தாவுக்கு ஏன் இத்தனை பாடு படுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லிச் சொல்லிக் களைத்த பதில் இது.

திருநெல்வேலி சங்கம் தன் ஊழியத்துக்குத் தேர்ந்தெடுத்தது, அப்போது நைசாமின் ஆட்சியில் இருந்த ஐதராபாத் சமஸ்தானத்தில் தோர்ணக்கல் என்ற ஊரை. இன்றைய தெலுங்கானாவில், நிலக்கரிச் சுரங்கத்துக்கு ரயில் பிரியும் ஒரு சந்திப்பு. முழுக்கத் தெலுங்கு பேசும் ஜனங்கள். முதலில் மற்றவர்களை அனுப்பிவைத்து, கூட்டங்களில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அசரியாவுக்கு ஒரு கட்டத்தில் மனசாட்சி உறுத்தியது. மற்றவனைப் போகச் சொல்லுகிறோமே, நாம் ஏன் போகவில்லை? நல்ல உத்தியோகத்தை விட்டார். 1909-ல் குருவானவராகி, முப்பத்தைந்து வயதில், மனைவி மக்களோடு தோர்ணக்கல்லில் போய் இறங்கினார். தெலுங்கைப் புதிதாகப் படித்தார். நம் பேராக்கிலேயே பாகான் டத்தோ பக்கம் தெலுங்குக் குடும்பங்கள் நிறைந்த தோட்டங்களுக்குப் போய் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், பாஷை தெரியாமல் லயத்துக்குள் நுழைந்தால் வாசற்படி தாண்ட முடியாது.

அடுத்த வருஷமே, 1910 ஜூனில், ஸ்காட்லாந்திலுள்ள எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் கூடியிருந்த அந்தச் சபையில் ஆசியக்காரர்கள் இருபது பேர்கூட இல்லை. அசரியாவுக்குப் பேசச் சந்தர்ப்பம் கிடைத்தது. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் கை தட்டியிருப்பார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. மிஷனெரிமார் செய்த தியாகத்தையெல்லாம் முதலில் ஒப்புக்கொண்டார். பிறகு, நீங்கள் எங்களுக்காக எல்லாம் கொடுத்தீர்கள், சிநேகிதர்களாக மட்டும் இருக்க மாட்டேன் என்கிறீர்களே என்ற கருத்தை முகத்துக்கு நேரே எடுத்து வைத்தார். கூடவே ஊழியம் செய்யும் இந்தியனை ஒரு வெள்ளைக்காரர் தம் மேஜையில் உட்காரவைத்துச் சாப்பிடுவது எத்தனை அபூர்வம் என்பதையும் மறைக்கவில்லை. சபையில் சிலருக்கு முகம் சிவந்துவிட்டதாம். துரை பங்களாவின் பின்வாசல் படியிலேயே நின்று பேசிவிட்டு வந்த நம் தாத்தாமார் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பார்கள்.

அப்படிப் பேசியவரைத்தான் இரண்டே வருஷத்தில் பேராயராக்கினார்கள். சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் பிடிவாதமாக நின்று அந்தக் காரியத்தை முடித்தார். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஓர் இந்தியனுக்குக் கீழே வெள்ளைக்கார ஊழியர்கள் எப்படி வேலை செய்வார்கள் என்று மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அபிஷேகம் நடந்தேறியது. அதற்கு அப்புறம் முப்பத்திரண்டு வருஷம், சாகும்வரை, அவர் தோர்ணக்கல் பேராயர்.

தோழர்களே, இனிமேல்தான் நம் கதை வருகிறது.

அசரியாவின் சபைக்கு வந்த ஜனங்கள் யார்? பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்ற தீண்டப்படாத சாதியார். சொந்த நிலம் இல்லை. ஊரார் நிலத்தில் விதைப்பதும் அறுப்பதும் தோல் வேலை செய்வதும் பறை அடிப்பதும் அவர்கள் பாடு. கூலி பெரும்பாலும் தானியம். கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ கடன் வாங்கினால் அப்பன் பட்ட கடனைப் பிள்ளை உழைத்துக் கழிக்க வேண்டும். கங்காணிக் கடனோடு கப்பல் ஏறிய நம் முன்னோர் கதைக்கும் இதற்கும் ஊர்ப் பெயர்தான் வேறு. பகலெல்லாம் வெயிலில் வேகும் உடம்பு, பொழுது சாய்ந்தால் கள்ளைத் தேடும். கள்ளுக்குக் கூலி போகும், கூலி போனால் கடன், கடன் வந்தால் கவலை, கவலை வந்தால் மறுபடியும் கள். பிறகு அழுக்கும் நோயும் தன்னாலே வந்து பாயைப் போட்டுப் படுத்துக்கொள்ளும்.

அசரியாவும் அன்பு அம்மையாரும் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். அழுக்கு, நோய், கடன், குடி, இவை நான்கும் நான்கு பேய்கள். பேய் என்று சொன்னது சாமர்த்தியம் என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த ஜனங்கள் பேய்க்குப் பயந்தவர்கள். அம்மை வந்தாலும் காலரா வந்தாலும் பூசாரியைக் கூப்பிட்டு விரட்டச் சொல்லி வழக்கம். நிஜமான பேய் சுடுகாட்டில் இல்லை, உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது, அதை விரட்ட நீயே போதும் என்றால் மண்டையில் ஏறும். அம்மையார் பெண்களிடம் பேசினார். பிள்ளையைக் குளிப்பாட்டுவதிலிருந்து பிரசவம் வரை அவர்களோடு பேச அம்மையாருக்குத் தடை இல்லை. பேராயர் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் கிராமம் கிராமமாகப் போனார்.

எல்லாத் தலைவர்களும் குடிக்காதே என்று சொல்லியிருக்கிறார்கள். மேடையில் சொல்லிவிட்டு இறங்கிப் போனவர்களைத் தோட்டங்களில் நாம் நிறையப் பார்த்தோம். அசரியா செய்தது வேறு. அவருடைய சபையில் ஞானஸ்நானம் சட்டென்று கிடைக்காது. எழுத்து தெரியாத கூலியாளும், கிழவியும்கூட, கற்பனைகளையும் ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் மனப்பாடமாகப் படித்தாக வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். சொல்லிக் கொடுப்பவர் கிராமத்து உபதேசியார், அவரும் அதே ஜனத்திலிருந்து வந்தவர். பாடம் எந்நேரத்தில்? பகலில் முடியாது, வேலை. ஆகவே சாயங்காலம் வேலையிலிருந்து வந்த பிறகு மணி அடிக்கும், விளக்கு ஏற்றுவார்கள், ஜனம் கூடும். பாட்டு, ஜெபம், பாடம். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமல்ல, தினம் தினம்.

இந்த இடத்தை நாம் வெகு நாள் யோசித்திருக்கிறோம். அந்த மணி அடித்த நேரம் எது? கள்ளுக்கடை நிரம்பும் நேரம். மனுஷன் பகலில் குடிகாரனாவதில்லை. வேலை முடிந்து குளித்து, சோறு வேகுமுன் உள்ள அந்த இரண்டு மணி நேரம் இருக்கிறதே, அங்கேதான் விழுகிறான். அசரியாவின் சபை அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டது.

நாம் படித்த தோட்டப் பள்ளிக்கூடத்துக்கும் நம் லயத்துக்கும் நடுவே கள்ளுக்கடை இருந்தது. தென்னங்கள்ளின் புளித்த வாடை வராத பாடநேரம் கிடையாது. சம்பளம் போட்ட அன்றைக்கு அம்மாமார் பிள்ளைகளை அங்கே அனுப்புவார்கள், அப்பாவின் சட்டைப் பையில் இருப்பதையாவது வாங்கி வரச் சொல்லி. நாமும் போயிருக்கிறோம். எங்கள் லயத்தில் ஒரு வெட்டுத் தொழிலாளி இருந்தார். பெயர் வேண்டாம். தங்கமான மனுஷர். வருஷா வருஷம் தவக்காலத்தில் நாற்பது நாளும் கள்ளைத் தொடமாட்டார். முகம் தெளிந்து, பிள்ளைகளுக்குப் பாட்டெல்லாம் சொல்லிக் கொடுப்பார். அடுத்த வீட்டுக்காரர் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர், அவரும் விரத நாள் முழுக்க அப்படியே. உயிர்த்தெழுந்த ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை இவர் போய் நிற்பார், காவடி இறக்கிய மறுநாள் அவர் போய் நிற்பார். நாற்பது நாள் விட முடிந்தவருக்கு நாற்பத்தோராம் நாள் என்ன ஆயிற்று என்று சின்னப் பையனான நமக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் அறுபதைப் பார்க்கவில்லை. கள்ளுக்கடை மூடிய பிறகு சம்சு வந்து அவர்களை முடித்தது.

தோர்ணக்கல் கிராமங்களில் நாற்பத்தோராம் நாளும் மணி அடித்தது. அதுதான் வித்தியாசம் என்று இப்போது நினைக்கிறோம். வராதவனைத் தேடிக்கொண்டு உபதேசியார் வீட்டுக்கே போவார், அவர் இருப்பதும் அதே சேரியில்தானே. விசுவாசத்தில் விழித்திருக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்வது சுலபம். களைத்து விழும் கூலியாளைத் தனியாக விழித்திருக்கச் சொன்னால் தூங்கித்தான் போவான். கெத்செமனே தோட்டத்தில் சீஷர்களே தூங்கிப் போனார்களே.

அசரியா வெறும் விரதக்காரராக, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டவராகவும் இருக்கவில்லை. பறை அடித்த ஜனங்களிடம் பறையையும் பாட்டையும் பறித்துவிட்டுக் கையில் ஆங்கிலப் பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் நிற்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தெலுங்குக் கீர்த்தனை, ஊர்வலம், நாடகம், அறுப்புப் பண்டிகை எல்லாம் இருந்தன. அறுப்புப் பண்டிகைக்கு ஜனங்கள் தானியமும் கோழியும் காய்கறியும் கொண்டு வந்து படைப்பார்கள். திருவிழா இல்லாமல் குடியை மட்டும் எடுத்துவிட்டால் ஏழையின் வாழ்வில் மிஞ்சுவது வேலை ஒன்றுதானே.

பணத்தையும் அவர் விடவில்லை. பரம ஏழைகள், அவர்களிடம் காணிக்கை கேட்பதா என்று வெள்ளைக்கார ஊழியர்கள் சிலர் தயங்கினார்கள். கொடுக்கத் தெரியாதவன் என்றைக்கும் கை ஏந்துகிறவனாகவே இருப்பான் என்பது அசரியாவின் எண்ணம். நம் திருநெல்வேலிப் பெண்கள் செய்துவந்த பிடி அரிசிக் காணிக்கையை அங்கேயும் கொண்டு போனார். உலையில் போடுமுன் ஒரு பிடி தனியாக எடுத்துப் பானையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். கையில் காசில்லாத பெண்ணும் சபைக்குப் பங்காளி ஆகிவிட்டாள். புருஷன் கூலியைக் கள்ளுக்கடையில் தொலைத்தால் அந்தப் பிடி அரிசியும் கிடையாது. அப்போது கேள்வி கேட்கும் உரிமை அவளுக்கு வந்துவிடுகிறதல்லவா?

பலன் என்ன என்று கேட்டால், 1930-களின் நடுவில் அவர் மண்டலத்தில் இந்தியக் குருமார் 250 பேர், கிராமத்து ஆசிரியர்கள் 2,000 பேருக்கு மேல். பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், கூட்டுறவுச் சங்கம், அச்சகம் எல்லாம் எழும்பின. பிற தெலுங்குப் பகுதிகளும் சேர்க்கப்பட்டு மண்டலம் விரிந்தது. 1940-களின் தொடக்கத்தில் சபை ஜனங்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டினார்கள். இதைவிட நமக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 1920-களின் கடைசியிலிருந்து மேல்சாதி விவசாயிகளும் ஆயிரக்கணக்கில் அந்தச் சபையில் சேர வந்தார்கள். ஏன் என்று விசாரித்தபோது, பிரசங்கம் கேட்டு வந்தோம் என்று சொன்னவர்களைவிட, தங்கள் வயலில் வேலை செய்த மாலனும் மாதிகனும் குடியை விட்டுச் சுத்தமாகி நிமிர்ந்து நடந்ததைப் பார்த்து வந்தோம் என்று சொன்னவர்கள் பலர். கீழே கிடந்தவன் மேலே இருந்தவனுக்கு வழி காட்டினான்.

அவரிடம் நமக்குக் குறையே இல்லையா என்றால், உண்டு. கூலி உயர்வுக்கோ நிலத்துக்கோ அவர் கொடி பிடித்தவர் அல்லர். நிலச்சொந்தக்காரன் தானியத்தை அளந்து போடுகிற படியைப் பற்றிய சண்டையை அவர் சபை நடத்தவில்லை. குடியை விட்ட கூலியாளுக்கும் கூலி குறைவுதானே? சங்கத்துக்காரனான நமக்கு இந்த இடத்தில் மனசு ஒப்பவில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கெடாவிலே 1947-ல் தொண்டர் படைத் தோழர்கள் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் போய் மறியல் செய்தார்கள். கூலிக்குப் போராடுகிறவன் முதலில் தெளிந்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித் தரவில்லை. போலீஸ் அடியும் சிறையும் அவர்கள் கண்டதே. அங்கே மாரியம்மன் கோயில் மணி, தோர்ணக்கல்லில் சபை மணி. குடி விட்ட பிறகு எங்கே நடப்பது என்பதில்தான் வழி பிரிந்தது.

காந்தியடிகளோடும் அசரியாவுக்கு வாக்குவாதம் இருந்தது. மதுவிலக்கில் இருவரும் ஒரே கட்சி. மதமாற்றத்தில் எதிர்க் கட்சி. தாழ்த்தப்பட்ட மக்கள் கூட்டமாக மதம் மாறுவது காந்தியடிகளுக்குப் பிடிக்கவில்லை. தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ள ஏழைக்கும் உரிமை உண்டு என்று அசரியா நின்றார். அதே அசரியா, 1932-ல் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கொடுப்பதை எதிர்த்தார். தனியாகப் பிரிந்து சலுகை வாங்குவது சபைக்கு நல்லதல்ல என்பது அவர் எண்ணம்.

தோர்ணக்கல் பேராலயத்தையும் சொல்ல வேண்டும். காசு சேரச் சேரக் கட்டியதால் முடிக்கப் பல வருஷம் ஆயிற்று. 1939 ஜனவரி 6-ஆம் தேதி பிரதிஷ்டை. கோயில் தூணும் பள்ளிவாசல் மாடமும் கலந்த கட்டடம் அது. வெளியூர்க்காரன் சாமி என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார். பிளந்து கிடந்த சபைகளை ஒன்றாக்க 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சிலும் அவர் முன்னணியில் இருந்தார். தொழிற்சங்கத்தை ஐந்தாகவும் ஆறாகவும் உடைத்துப் பார்த்த நமக்கு, ஒட்டவைக்கும் வேலை எத்தனை கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

எழுபது வயதிலும் அவர் வேலையை நிறுத்தவில்லை. 1944-ஆம் வருஷத்து டிசம்பரில் உடம்பு கைவிட்டது. புது வருஷம் பிறந்த முதல் நாளிலேயே தோர்ணக்கல்லில் இறந்தார். அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். வெள்ளாளன்விளைப் பனங்காட்டுப் பிள்ளை தெலுங்கு மண்ணில் படுத்திருக்கிறார்.

நாம் படித்த பள்ளிக்கூடம் இருந்த தோட்டத்துக்குப் போன மாதம் சங்க வேலையாகப் போயிருந்தோம். பால்மரம் ஒன்றும் இல்லை, எல்லாம் செம்பனை. லயமும் இல்லை. கள்ளுக்கடையின் சிமெண்டுத் தரை மட்டும் புல்லுக்கு நடுவே அப்படியே கிடக்கிறது. வேலைக்கு இருக்கும் ஐந்தாறு நம் குடும்பத்துப் பையன்கள் சாயங்காலம் அந்தத் தரையில்தான் கூடுகிறார்கள், போத்தலோடு. ஆலோங்கிடம் வாங்கிய கடனைப் பற்றி ஒரு பையன் பேசிக்கொண்டிருந்தான். இருட்டும்வரை அவர்களோடு உட்கார்ந்திருந்தோம். வருகிற 31-ஆம் தேதி ராத்திரி அதே தரையில் ஒரு விளக்கு வைத்து, பாட்டுப் பாடத் தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறோம். இரண்டு பேர் வருகிறேன் என்றார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். எப்படியும் போவோம்.